உப்புத்தாளில் ஒரு ண: பாலர் பள்ளியில் 4 சனிக்கிழமைகள்

பினாங்கில் குளுகோர் பக்கம் ஒரு மூலை வீட்டில் நடக்கும் சின்ன மாண்டிசோரி பாலர் பள்ளியில் என் மகள் படிக்கிறாள். வருடக் கடைசி மழையில் பின்கட்டு அலமாரிக்கு மேலே கூரை ஒழுகி, கீழே அடுக்கியிருந்த மரச்சாமான்களில் பாதி நனைந்துவிட்டது. எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதென்றால் பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும். டீச்சர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், ‘சனிக்கிழமை காலை கோத்தோங் ரோயோங், கைவேலை தெரிந்தவர்கள் வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்’ என்று போட்டார். கோத்தோங் ரோயோங் என்றால் எல்லோரும் கூடிச் செய்யும் வேலை. நான் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் டெக்னீஷியன். பருமன் அளக்கும் வெர்னியர் காலிப்பர், நாலு உப்புத்தாள், ஒரு கைவாள் எடுத்துக்கொண்டு போனேன். மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தது 4 சனிக்கிழமை இழுத்தது. உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டிப் பலகையில் ஒட்டி, பிள்ளைகள் விரலால் தடவிப் படிப்பதுதான் உப்புத்தாள் எழுத்து. தமிழில் அதைச் செய்ய வழி தேடியபோது எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் செய்ததையும் கெடுத்ததையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் கையில் எடுத்தது குமிழ் உருளைக் கட்டை. தெரியாதவர்களுக்காக: நீளமான ஒரு மரக்கட்டையில் 10 குழி, 10 உருளை, ஒவ்வோர் உருளையின் தலையிலும் மூன்று விரலால் பிடிக்க ஒரு குமிழ். இப்படி மொத்தம் 4 கட்டைகள். ஒன்றில் உயரம் மாறாது, பருமன் மட்டும் மாறும், இன்னொன்றில் பருமன் மாறாமல் உயரம் மட்டும் மாறும், மற்ற இரண்டில் இரண்டும் சேர்ந்து மாறும். பிள்ளை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கலைத்து வைத்துவிட்டு, மறுபடி அதனதன் குழியில் போட வேண்டும். தவறான குழி என்றால் உருளை உள்ளே போகாது, இல்லையென்றால் போய் லொடலொடவென்று ஆடும், கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் கையில் நின்றுவிடும். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து ‘தப்பு, தப்பு’ என்று சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும்.

எங்கள் கட்டையில் நனைந்த பிறகு 3 உருளைகள் சரியான குழியிலேயே இறங்கவில்லை. அதாவது கட்டை பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது, சரியாகப் போட்ட பிள்ளையிடம் ‘தப்பு’ என்கிறது. ஒரு நாலு வயதுப் பையன் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு மூன்றாம் நாள் அந்தக் கட்டையைத் தொடவே இல்லை என்று டீச்சர் சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும்தான் இந்த வேலை அலமாரிக் கதவைச் சரி செய்வது போன்றதில்லை என்று உறைத்தது.

மரம் ரப்பர் மரம், நாம் பால்மரம் என்போமே அதுதான். என் தாத்தா சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 25, 30 வருடத்தில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள், அந்தக் காலத்தில் அடுப்புக்கும் ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைவீட்டுக்கும் விறகாகப் போனது இன்று மேசை நாற்காலியாகவும் பிள்ளைகள் சாமானாகவும் மாறுகிறது. நல்ல மரம்தான், ஆனால் எல்லா மரத்தையும் போல ஈரம் குடித்தால் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறாமல் குறுக்குவாக்கில் மட்டும் உப்பும், அதிலும் ஒரு திசையில் அதிகம், ஒரு திசையில் குறைவு. காலிப்பர் வைத்துப் பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டிய உருளை ஒரு பக்கம் 25.1 மில்லிமீட்டர், கால் சுற்று திருப்பினால் 25.4. அது வட்டமே இல்லை, லேசான முட்டை வடிவம்.

நான் முதலில் செய்தது தவறு. ஓர் உருளையை வெயிலில் வைத்தேன். நம்ம ஊர் வெயிலைச் சொல்லவா வேண்டும், மதியத்துக்குள் தலைப்பக்கம் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடிவிட்டது. அப்புறம் மற்ற எல்லாவற்றையும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், ஃபேக்டரியில் தூக்கிப்போடும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சேர்த்து ஒரு வாரம் வைத்தேன். 3இல் இரண்டு அதிலேயே சரியாகிவிட்டன. உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்னால் இந்த ஒரு வாரம் பொறுப்பது முக்கியம், ஏனென்றால் உப்பியிருக்கும்போது தேய்த்துவிட்டால் காய்ந்தபின் உருளை சின்னதாகிவிடும், அப்புறம் அது சரியான குழியிலும் ஆடும், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சைகை காணாமல் போய்விடும்.

மீதி ஒன்றுக்குப் பென்சில் வைத்தியம். 4பி பென்சிலால் குழியின் உட்சுவர் முழுக்கத் தீற்றிவிட்டு, உருளையை இறக்கி, அரைச் சுற்று திருப்பி எடுத்தால், எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும் சாம்பல் நிறத்தில் பளபளக்கும். அந்த இடத்தை மட்டும் 320 நம்பர் தாளில் நாலு தேய்ப்பு, திரும்பப் போட்டுப் பார், திரும்ப நாலு தேய்ப்பு. நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது அதே நாலு வயதுப் பையன் பக்கத்தில் வந்து குந்தினான். என் கையிலிருந்து உருளையை வாங்கிப் போட்டுப் பார்த்தான், முக்கால்வாசி இறங்கி நின்றது. “இன்னும் கொஞ்சம், அங்கிள்” என்று நீட்டினான். இப்படியே 6 தடவை. ஏழாவது தடவை குமிழை விட்டதும் அது தானாக, காற்று மெல்ல வெளியேற, ‘புஸ்’ஸென்று இறங்கி உட்கார்ந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, மற்ற 9 உருளையையும் எடுத்துத் தரையில் பரப்பிவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டான். என் காலிப்பர் 25.15 என்று சொன்னது. அந்த எண்ணைவிட அவன் விரலைத்தான் நான் நம்பினேன், அதற்குப் பிறகு எந்தச் சாமானைச் சரி செய்தாலும் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தேன்.

பழுப்புப் படிக்கட்டு என்பது படி மாதிரி அடுக்கும் இன்னொரு மரச்சாமான், அதன் ஒரு கட்டையில் குண்டூசி முனை அளவு ஓட்டையும் கீழே மாவு மாதிரி தூளும் இருந்தன. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், சரியாக மருந்து ஏறாத துண்டாக இருந்தால் வண்டு வரும். இரண்டு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வீட்டு ஃபிரீசரில் 2 வாரம் வைத்தேன், வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் பையைப் பிரிக்காமல் விட்டேன், இல்லையென்றால் மேலே வியர்த்து மறுபடி ஈரமாகும். அப்புறம் புதுத் தூள் விழவில்லை. பிள்ளைகள் தொடும் சாமானில் பூச்சிமருந்து அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இளஞ்சிவப்புக் கோபுரத்துக்கு வருகிறேன். 10 கனசதுரம், பெரியது 10 சென்டிமீட்டர், சின்னது 1 சென்டிமீட்டர், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சரியாக 1 சென்டிமீட்டர் குறைவு. கொள்ளளவாகப் பார்த்தால் 1000இலிருந்து 1 வரை இறங்குகிறது. எல்லா மாண்டிசோரிப் பள்ளியிலும் தொலைந்துபோவது அந்தக் கடைசிக் குட்டிதான் என்று டீச்சர் சொன்னார், எங்களுடையதும் தொலைந்திருந்தது. லோரோங் குலிட் பழஞ்சாமான் சந்தையில் காலையில் போய் 8 வெள்ளிக்கு ஒரு பழைய நுண்பல் வாள் வாங்கி, உடைந்த நாற்காலிக் கால் ஒன்றிலிருந்து அறுத்தேன். சரியாக 10 மில்லிமீட்டருக்கு வெட்டித் தேய்த்துவிட்டு, இரண்டு கோட் வண்ணம் அடித்ததும் அது 10.3 ஆகிவிட்டது. வண்ணத்துக்கும் கனம் உண்டு என்பதை ஃபேக்டரியில் தினமும் பார்க்கிறவன், இங்கே மறந்துவிட்டேன். இரண்டாவதை 9.7க்கு வெட்டினேன். வண்ணம் தண்ணீரில் கரைவது, டப்பாவில் இஎன் 71-3 என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள், பொம்மையிலிருந்து ஈயம் போன்ற உலோகங்கள் எவ்வளவு கசியலாம் என்பதற்கான ஐரோப்பியத் தரம் அது.

சரி, புதுக்குட்டி சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கோபுரத்தை நடுவில் வைத்து அடுக்காமல் ஒரு மூலையை ஒட்டி அடுக்கினால் மற்ற இரண்டு பக்கமும் படிக்கட்டு மாதிரி ஒரு சென்டிமீட்டர் விளிம்பு வரும். அந்தக் குட்டியை ஒவ்வொரு விளிம்பிலும் வைத்து நடத்திக்கொண்டே மேலே வரலாம். ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி அதைச் செய்தாள், முதலில் நான் கெடுத்த 10.3ஐ வைத்து. ஒவ்வொரு படியிலும் வைத்துவிட்டு ஆட்காட்டி விரலை மேலிருந்து கீழே இழுத்தாள். “இடிக்குது” என்றாள். 0.3 மில்லிமீட்டர், மூன்று காகிதத் தடிமன். இரண்டாவதை வைத்தபோது விரல் தடங்காமல் இறங்கியது, உடனே மேலே ஏறிக்கொண்டே போனாள்.

மூன்றாவது, நான்காவது சனிக்கிழமை முழுக்க எழுத்துகளுக்கே போயின, இதற்காகத்தான் இந்தப் பதிவே.

ஆங்கில உப்புத்தாள் எழுத்து கடையில் கிடைக்கிறது, மலாய்க்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். தமிழில் நாங்கள் தேடிய எந்தக் கடையிலும் இல்லை. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் இது, இந்த ஊர்ப் பிள்ளைகள் ஏபிசியை விரலால் தடவிப் படித்துவிட்டு தமிழை மட்டும் தாளில் பார்த்து எழுதுவது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

முதலில் தாள். ஆர்டுவேர் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) மலாயில் கெர்த்தாஸ் பாசிர் என்று உப்புத்தாள் கேட்டு 80, 150, 400 நம்பர் மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கி, பட்டையாக வெட்டிப் பலகையில் ஒட்டிப் பிள்ளைகளைத் தடவச் சொன்னோம். 80ஐத் தொட்டுவிட்டு ஒரு பிள்ளை “பூனை நாக்கு” என்று கையை இழுத்துக்கொண்டது. 400இல் விரல் போனதே தெரியவில்லை. 150இல் தான் எல்லோரும் திரும்பத் திரும்பத் தடவினார்கள். 150ஐ எடுத்துக்கொண்டோம்.

பலகை 4 மில்லிமீட்டர் பிளைவுட். ஆங்கில எழுத்துப் பலகையின் அகலம் தமிழுக்குப் போதவில்லை, ஞ, ண, ஐ எல்லாம் அகலக்காரர்கள். அதோடு கோட்டின் பருமனும் பிரச்சினை. இரண்டு விரல் நுனி பதிய 10 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, ஆனால் அந்தப் பருமனில் ண போட்டால் சுழிகள் அடைத்துக்கொண்டு அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. எழுத்துயரத்தை 12 சென்டிமீட்டராக ஏற்றி, கோட்டை 8 மில்லிமீட்டராக இறக்கிய பிறகுதான் சுழிக்குள் வெளிச்சம் தெரிந்தது. கணினி எழுத்துருவை அப்படியே அச்செடுத்து வெட்டாதீர்கள். அதில் கோடு ஓர் இடத்தில் தடித்து ஓர் இடத்தில் மெலியும், கை எழுதும் ஓட்டம் அதில் இருக்காது. டீச்சர் தடித்த மார்க்கரால் கையாலேயே எழுதிக் கொடுத்தார், அதைத்தான் படியெடுத்தோம்.

உப்புத்தாளைப் பின்பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும், மணல் பக்கம் வெட்டினால் கத்தரிக்கோல் ஒரே நாளில் மழுங்கிவிடும். பின்பக்கம் வெட்டுவதென்றால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வரைய வேண்டும். இது தெரிந்தும் முதல் நாள் அவசரத்தில் 5 எழுத்தை நேராக வரைந்து வெட்டிவிட்டோம், ட எல்லாம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. டிரேசிங் பேப்பரில் எழுதி அதையே கவிழ்த்து வைத்து வரைந்தால் தப்பே வராது, அந்த ஐந்தும் வீணான பிறகு அப்படித்தான் செய்தோம்.

நிறம்: உயிரெழுத்துக்கு நீலப் பலகை, மெய்க்கு இளஞ்சிவப்பு, இது மாண்டிசோரியில் வழக்கமாக இருப்பதுதான். ஆனால் தமிழில் மெய் என்று எதை ஒட்டுவது, ம்-ஆ ம-வா? இதற்கு மட்டும் பெற்றோர்களுக்குள் ஒரு மணி நேரம் பேச்சு. ஒலியைத்தானே சொல்லித்தருகிறோம், ம் என்றுதான் இருக்க வேண்டும் என்றார் ஓர் அம்மா. எழுதும்போது கை முதலில் ம-வைத்தான் போடுகிறது, புள்ளி பிறகுதான் வருகிறது என்று நான் சொன்னேன். கடைசியில் அகர வரிசை 18ஐயும் புள்ளி இல்லாமல் செய்து, புள்ளிக்கென்று தனியாக ஒரு குட்டிப் பலகை செய்தோம், மேலே வைத்தால் ம என்பது ம் ஆகிறது. துணைக்கால், கொம்பு, சுழி எல்லாம் பச்சைப் பலகையில் தனித்தனியாக. ஆனால் உகர, ஊகார வரிசையை அப்படிப் பிரிக்க முடியாது, கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, பு ஒரு மாதிரி, குறி எழுத்தோடு ஒட்டிப் பிறக்கிறது. 36 எழுத்தையும் முழுதாகச் செய்வதைத் தவிர வழியில்லை, அதை அடுத்த பள்ளி விடுமுறைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

விரல் எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் காட்ட, தொடக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைக்கலாம் என்று நினைத்து 3 பலகையில் வைத்தேன். டீச்சர் பார்த்துவிட்டு, “அண்ணே, தமிழ்ல புள்ளி வச்சா அது எழுத்தாயிடும், பிள்ளைங்க ட-வ ட்-னு படிக்கும்” என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. அழித்துவிட்டு, பலகையின் பின்பக்கம் பெரியவர்களுக்காக ஓர் அம்புக்குறி மட்டும் போட்டோம். பிள்ளைக்கு டீச்சர் தடவிக் காட்டுவதே போதும்.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசைதான், மெல்லிசாக இரண்டு பக்கமும் தடவி, மேலே பலகை வைத்து இரண்டு செங்கல் ஏற்றி ஓர் இரவு. தாராளமாகப் பசை போட்டால் தாள் ஈரத்தில் நெளிந்து குமிழியிடும். அதோடு தொடக்க முனைதான் முதலில் பெயரும், ஏனென்றால் ஒவ்வொரு விரலும் அங்கேதான் வந்து இடிக்கிறது. முனையின் அடிப்பக்கத்தைப் பிளேடால் சீவி மெல்லிசாக்கிவிட்டு ஒட்டினால் நிறைய நாள் தாங்குகிறது.

வேலை நடந்துகொண்டிருந்தபோது பள்ளியில் மற்றது எதுவும் நிற்கவில்லை. தாழ்வாரத்தில் இரண்டு பிள்ளைகள் புளி போட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு தேய்த்தார்கள். பாவாடை நாடா முடிச்சுப் போட்டுப் பழக ஒரு சட்டம் வேண்டும் என்று ஒரு பாட்டி தைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு சாமானும் ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள், வேண்டுமென்றேதான். கோபுரம் ஒருவர் கையில் இருந்தால் அடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம், இல்லை வேறு வேலை எடுக்கலாம். பெற்றோர்கள் எங்களுக்கும் ஒரே ஒரு நல்ல கத்தரிக்கோல்தான் இருந்தது. மூன்றாவது சனிக்கிழமை அதற்காக நான் அவசரப்பட்டுக் கையை நீட்டியபோது என் மகள், “அப்பா, அந்த ஆன்ட்டி முடிச்சிட்டு தட்டுல வைப்பாங்க, அப்புறம் எடுங்க” என்றாள். அப்படியே செய்தேன். மதியம் ஒருவர் கொண்டுவந்த நாசி லெமாக்கை எல்லோரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம், மூன்று வயதுக் குட்டிகளுக்கு ஆறு வயதுப் பிள்ளைகள் தட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள்.

அந்தப் பாட்டி ஒரு கேள்வி கேட்டார், இதெல்லாம் வெள்ளைக்காரன் படிப்பா என்று. மரியா மாண்டிசோரி இத்தாலிக்காரர், 1907 ஜனவரியில் ரோமில் ஓர் ஏழைக் குடியிருப்பில்தான் முதல் பள்ளியைத் தொடங்கினார். ஆனால் 1939இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி நடத்த வந்தவர் உலகப் போரில் மாட்டிக்கொண்டு 1946 வரை இந்தியாவில் இருந்தார், அதில் நிறைய நாள் கொடைக்கானலில். நம்ம ஆட்கள் மத்தியில்தான் இருந்திருக்கிறார் பாட்டி என்றேன். பிறந்தது 1870 ஆகஸ்டு 31 என்று சொன்னதும், நம்ம மலேசியாவின் சுதந்திர நாளாயிற்றே என்று சந்தோஷப்பட்டார். அப்புறம் ஒட்டி முடித்த அ பலகையைக் கேட்டு வாங்கி, இரண்டு விரலால் மெதுவாகத் தடவிவிட்டு, “எங்கப்பா எனக்கு அரிசியில கையப் புடிச்சு எழுத வச்சாரு, இந்த சொரசொரப்பு அப்டியே இருக்கு” என்றார். இன்னொரு தடவையும் தடவினார்.

போன வாரம் பலகைகள் வகுப்புக்குப் போயின. ஒரே நேரத்தில் இரண்டு எழுத்து அல்லது மூன்று, அதற்கு மேல் டீச்சர் எடுப்பதில்லை. ‘இது ப, இது ட’ என்று தடவிக் காட்டிச் சொல்வார், அடுத்து ‘ட எது, என்னிடம் கொடு’, கடைசியில்தான் ‘இது என்ன’. பிள்ளை தடுமாறினால் திருத்தாமல் சிரித்தபடி எடுத்து வைத்துவிட்டு இன்னொரு நாள் தொடங்குவார். நான் கூட்டிப்போக வந்த நேரத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் ண, ன இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு தடவிக்கொண்டிருந்தான். ஒன்று, ரெண்டு என்று வாய்க்குள் எண்ணினான், விரல் அடுத்த சுழியில் ஏறியதும் “மூணு சுழி!” என்று கத்தினான். உடனே முகம் சுருங்கியது. மறுபடி அந்தக் கடைசிச் சுழிக்குப் போய், நகத்தால் நெருடிப் பார்த்து, துணியை அவிழ்த்துவிட்டுப் பலகையை நேராக என்னிடம் கொண்டுவந்தான். “அங்கிள், இங்க தூக்கிக்கிட்டு இருக்கு.”

கண்ணுக்குத் தெரியவில்லை. விரலை வைத்தால் தெரிந்தது, சுழி முடியும் இடத்தில் தாள் ஓரம் அரை மில்லிமீட்டர் எழும்பியிருந்தது. வீட்டுக்கு எடுத்துவந்து, பல்குத்தும் குச்சியால் உள்ளே பசை செலுத்தி அழுத்திவிட்டேன். இப்போது செங்கல்லுக்கு அடியில் இருக்கிறது. நாளைக் காலை பசியாறும் நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவன் கேட்பான்.